சவுகரியம் யாருக்கு?

ஒரு பள்ளிக்கூடம். பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவன் தலையிலும் ஒரு கருவி மாட்டியிருக்கிறது. மேலே கம்பிகள் ஓடுகின்றன. யாரும் படிக்கவில்லை. எழுதவும் இல்லை. மூலையில் ஒரு எந்திரம் இருக்கிறது. வாத்தியார் புத்தகங்களை அதற்குள் போடுகிறார். எந்திரம் புத்தகங்களை அரைக்கிறது. பாடம் கம்பி வழியாகப் பையன்களின் காதுக்குள் போகிறது!

இப்படி ஒரு பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. இது ஒரு சித்திரம். 100 ஆண்டுகளுக்கும் முன்னால் பிரான்சு நாட்டில் வரையப்பட்டது. 2000-ம் ஆண்டில் உலகம் எப்படி இருக்கும் என்று ஓவியர்கள் கற்பனை செய்து வரைந்த படங்களில் இதுவும் ஒன்று.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். அந்த எந்திரம் தானாக ஓடவில்லை. ஒரு பையன் பக்கத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். மற்றவர்கள் காதில் பாடம் இறங்குகிறது. அவனுக்கு மட்டும் பாடம் இல்லை. கைவலிதான் மிச்சம்.

சவுகரியமாக வாழ வேண்டும் என்று மனிதன் கண்ட கனவுகள் பல. சில கனவுகள் வேடிக்கையானவை. சில கனவுகள் கோடிக்கணக்கான மக்களின் உடல் வலியைக் குறைத்தவை. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். அந்தச் சவுகரியம் யாருக்கு? கைப்பிடியைச் சுற்றுவது யார்?

சிகரெட் பெட்டிக்குள் எதிர்காலம்

1900-ம் ஆண்டு பாரீஸ் நகரில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அதையொட்டி 1899-ல் இந்தப் படங்கள் வரையத் தொடங்கப்பட்டன. ழான் மார்க் கோத்தே என்பவரும் வேறு சில ஓவியர்களும் வரைந்தார்கள். முதலில் சிகரெட், சுருட்டுப் பெட்டிகளுக்குள் வைக்கும் சிறிய அட்டைகளாக இவை தயாராயின. பிறகு தபால் அட்டைகளாகவும் வந்தன. 1910 வரை இந்த வரிசை தொடர்ந்தது. 80-க்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்திருக்கின்றன. நெடுங்காலம் மறந்து கிடந்த இவற்றை, ஐசக் அசிமோவ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1986-ல் புத்தகமாக வெளியிட்டார்.

படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு விவசாயி ஹாயாக உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் சில நெம்புகோல்கள். ஒன்றை இழுத்தால் எந்திரம் வயலில் ஓடி அறுவடை செய்கிறது. ஒரு முடிதிருத்தும் கடையில் இரும்புக் கைகள் வாடிக்கையாளர்களுக்குச் சவரம் செய்கின்றன. கடைக்காரர் தள்ளி நின்று எந்திரத்தை முடுக்குகிறார். இன்னொரு படத்தில் ஒரு சீமாட்டி நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். எந்திரமே அவளுக்குத் தலைவாரி, பவுடர் பூசிவிடுகிறது!

வெறும் கற்பனைதானே என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. அறுவடை எந்திரம் இன்று நம் ஊர் வயல்களிலேயே ஓடுகிறது. பாடத்தைக் காதில் மாட்டிக் கேட்பது பிள்ளைகளுக்குப் பழகிப்போன காரியம். தரையைத் தானே சுற்றிவந்து பெருக்கும் எந்திரமும் கடைகளில் கிடைக்கிறது.

தரை துடைப்பதை அந்த ஓவியர்களும் வரைந்திருக்கிறார்கள். மின்சாரத்தால் ஓடும் எந்திரம் தரையைத் தேய்க்கிறது. அதன் பக்கத்தில் கோலைப் பிடித்தபடி ஒரு பணிப்பெண் நிற்கிறாள். இங்கேதான் கவனிக்க வேண்டும். துடைப்பம் போய் எந்திரம் வரும் என்று ஓவியருக்குத் தோன்றியது. ஆனால், 100 ஆண்டுகளுக்குப் பிறகும் தரையைத் துடைக்க நிற்பவள் பணிப்பெண்தான் என்று அவர் நினைத்துவிட்டார்! எந்திரத்தைப் பற்றிய கற்பனை வானத்தில் பறந்தது. மனிதரைப் பற்றிய கற்பனை தரையைவிட்டு எழும்பவே இல்லை.

அடுப்பில் ரேடியம்!

அந்த வரிசையில் ஒரு படம் பயங்கரமானது. வரைந்தவருக்கு அது பயங்கரம் என்று தெரியாது.

குளிர்காலம். ஒரு பணக்கார வீட்டின் கூடம். குளிர் நாடுகளில் வீட்டுச் சுவரில் கணப்பு அடுப்பு இருக்கும். அதில் விறகோ கரியோ எரியும். இந்தப் படத்தில் விறகு இல்லை. கரி இல்லை. புகையும் இல்லை. அடுப்பில் ஒரு சிறு ரேடியம் துண்டு இருக்கிறது. வீட்டார் அதைச் சுற்றி உட்கார்ந்து சுகமாகக் குளிர்காய்கிறார்கள்!

ரேடியத்தை மேரி கியூரியும் அவருடைய கணவர் பியேர் கியூரியும் 1898-ல் கண்டுபிடித்தார்கள். அது ஓயாமல் வெப்பம் தந்தது. இருட்டில் ஒளிர்ந்தது. அதை ஓர் அதிசய மருந்து என்றே மக்கள் நம்பினார்கள். அதன் கதிர்கள் எலும்பையும் ரத்தத்தையும் அரித்துவிடும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. அமெரிக்காவில் கடிகார முகப்பு இருட்டில் ஒளிரும்படி ரேடியம் கலந்த வர்ணம் பூசினார்கள். பூசியவர்கள் இளம்பெண்கள். தூரிகையின் முனையைக் கூராக்க அதை உதட்டில் வைத்துக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1920-களில் அந்தப் பெண்களின் தாடை எலும்பு அழுகியது. பலர் இறந்தார்கள். இரவில் மணி பார்க்கும் சவுகரியம் ஒருவருக்கு. சாவு இன்னொருவருக்கு!

சுவருக்கு அந்தப் பக்கம்

இதற்கு அயல்நாட்டுக் கதைதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் நாட்டிலேயே இப்படி ஒரு சவுகரியம் இருந்தது. அதன் பெயர் பங்கா.

கூரையிலிருந்து ஒரு நீண்ட சட்டம் தொங்கும். அதில் துணி கட்டியிருக்கும். சட்டத்தில் ஒரு கயிறு. கயிற்றை இழுத்து இழுத்து விட்டால் துணி முன்னும் பின்னும் ஆடும். அறை முழுவதும் காற்று வீசும். கலெக்டர் பங்களா, கோர்ட்டு, மாதா கோவில், சாப்பாட்டு மண்டபம் என்று எல்லா இடங்களிலும் பங்கா ஆடியது. அந்தக் காலத்து ஓவியங்களிலும் புகைப்படங்களிலும் இதைப் பார்க்கலாம்.

கருவி என்ற முறையில் பங்கா அழகானது. புத்திசாலித்தனமானது. ஆனால், அதை இழுத்தது யார்?

சுவரில் ஒரு துளை போட்டிருப்பார்கள். கயிறு அதன் வழியாக வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒரு கூலியாள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருப்பார். பகலில் இழுப்பார். துரை தூங்கும்போது இரவெல்லாம் இழுப்பார். கை ஓய்ந்தால் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு இழுப்பார். அசதியில் அவர் கண் அயர்ந்தால் பங்கா நின்றுவிடும். துரை விழித்துக்கொள்வார். அப்படிக் கண் அயர்ந்ததற்காக அடியும் உதையும் பட்டவர்கள் உண்டு. உயிரையே விட்டவர்களும் உண்டு. அந்தக் காலத்து வழக்குகள் இதற்குச் சாட்சி.

உள்ளே இருந்தவருக்குக் காற்று வந்தது. காற்றைத் தந்தவர் வெயிலில் வெந்தார். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் இருந்ததால் வெளியே இருந்தவர் உள்ளே இருந்தவரின் கண்ணில் படவே இல்லை. கண்ணில் படாத உழைப்பை மறந்துவிடுவது எளிது.

ஒரு நாற்காலிக்காக ஒரு சட்டம்

இனி இன்னொரு வகைக் கற்பனையைப் பார்ப்போம். இதில் இரும்புக் கைகள் இல்லை. பறக்கும் வண்டி இல்லை. சாதாரண நாற்காலிதான் உண்டு.

பாரீசில் எதிர்காலப் படங்கள் வரைய ஆரம்பித்த அதே 1899-ம் ஆண்டு, பிரிட்டனில் ஒரு சிறிய சட்டம் வந்தது. கடைகளில் வேலை செய்யும் பெண்கள் உட்காருவதற்கு இருக்கை வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது கடைக்காரர் போட்டாக வேண்டும்.

அந்தக் காலத்தில் கடைப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே இருந்தார்கள். வாடிக்கையாளர் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்றார்கள் முதலாளிகள். கால் வீங்கியது. முதுகு வலித்தது. யாரும் கவலைப்படவில்லை. அந்தப் பெண்களின் கால்களை நினைத்துப் பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். அதனால் சட்டம் வந்தது. ஒரு பெண்ணின் கால்வலியை இன்னொருவர் நினைத்துப் பார்ப்பதற்கும் கற்பனை வேண்டும் அல்லவா?

நோயாளிக்காகப் பிறந்த நாற்காலி

நாற்காலி என்றதும் பின்லாந்து நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1920-களில் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வு, சுத்தமான காற்று, சூரிய வெளிச்சம், நல்ல சாப்பாடு. இவைதான் வைத்தியம். நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள். பின்லாந்தில் பைமியோ என்ற ஊரில், பைன் மரக் காட்டுக்கு நடுவே, அப்படி ஓர் ஆஸ்பத்திரி கட்ட முடிவாயிற்று. அதற்கு நடந்த போட்டியில் ஆல்வார் ஆல்ட்டோ என்ற இளைஞரின் வரைபடம் 1929-ல் பரிசு பெற்றது. அவருடைய மனைவி ஐனோவும் கட்டிடக் கலைஞர். இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். 1933-ல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆல்ட்டோ அந்த நாட்களில் தாமும் நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்ததாகப் பின்னர் சொன்னார். படுத்தவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது? கூரைதான் தெரிகிறது. கூரையில் விளக்கு. விளக்கு நேராகக் கண்ணில் குத்துகிறது. சாதாரண அறைகள் எல்லாம் நிற்பவர்களுக்காகவே கட்டப்படுகின்றன. படுத்திருப்பவரை யாரும் நினைப்பதில்லை. இது அவருக்கு உறைத்தது.

அதனால் பைமியோவில் எல்லாம் மாறியது. நோயாளி அறையின் கூரைக்கு மங்கலான பச்சை வர்ணம் பூசினார்கள். விளக்கைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தார்கள். வெப்பம் தலைப்பக்கம் வராமல் கால்பக்கம் வரும்படி செய்தார்கள். ஓர் அறைக்கு இரண்டு நோயாளிகள். ஒருவர் கை கழுவும்போது தண்ணீர்ச் சத்தம் மற்றவர் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. ஆகவே, தண்ணீர் சாய்வாக விழுந்து சத்தமில்லாமல் வழியும்படி கழுவு தொட்டியை அமைத்தார்கள். டாக்டரின் கோட்டுக் கை மாட்டிக்கொள்ளாதபடி கதவின் கைப்பிடியைக் கூட வளைத்துச் செய்தார்கள்!

பிறகு அந்த நாற்காலி. மெல்லிய மரத் தகடுகளை ஒட்டி, வளைத்து, ஒரே அலை போலச் செய்தது. மெத்தை இல்லை. மெத்தையில் தூசியும் கிருமியும் சேரும் அல்லவா? இரும்பும் இல்லை. இரும்பு குளிர்காலத்தில் உடம்பில் பட்டால் சில்லிடும். பிர்ச் என்ற மரத்தில் செய்ததால் தொட்டால் இதமாக இருந்தது. துடைத்தால் சுத்தமாயிற்று. முதுகு சாயும் கோணத்தை நோயாளி மூச்சு விடுவதற்கு எளிதாக அமைத்தார்கள்.

காசநோய்க்கு மருந்து வந்தது. பைமியோ பின்னாளில் பொது ஆஸ்பத்திரியாக மாறியது. ஆனால், அந்த நாற்காலி போகவில்லை. இன்றும் தயாராகிறது. நோய் இல்லாதவர்களும் விலை கொடுத்து வாங்கி வீட்டில் போட்டுக்கொள்கிறார்கள். மிகவும் கஷ்டப்படுகிறவருக்கு ஏற்றதாக ஒரு பொருளைச் செய்தால் அது எல்லோருக்கும் ஏற்றதாகிவிடுகிறது!

எட்டாத உறிஞ்சு குழல்

இதையே இன்னும் சிறிய பொருளிலும் பார்க்கலாம். அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரில், ஜோசப் பிரீட்மன் என்பவர் இருந்தார். 1930-களில் ஒருநாள் அவர் தம்முடைய சின்ன மகளுடன் ஒரு பானக் கடையில் உட்கார்ந்திருந்தார். குழந்தைக்கு எதிரே உயரமான கண்ணாடி டம்ளர். அதில் நேரான காகிதக் குழல். குழலின் முனை குழந்தையின் வாய்க்கு எட்டவில்லை. குழலை மடக்கினால் அடைத்துக்கொள்கிறது.

வேறொருவராக இருந்தால் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்திருப்பார். பிரீட்மன் யோசித்தார். குழலுக்குள் ஒரு திருகாணியை நுழைத்தார். வெளியே நூலைச் சுற்றி இறுக்கினார். திருகாணியின் வரிகள் காகிதத்தில் பதிந்தன. திருகாணியை எடுத்துவிட்டார். குழல் அந்த இடத்தில் வளைந்தது. அடைக்கவில்லை!

1937-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. முதல் விற்பனை 1947-ல்தான் நடந்தது. வாங்கியது பானக் கடை இல்லை. ஓர் ஆஸ்பத்திரி! படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாத நோயாளி தலையைத் தூக்காமல் தண்ணீர் குடிக்க அந்தக் குழல் உதவியது. ஒரு குழந்தையின் சிரமத்தைக் கண்டு செய்த பொருள் ஊரறியாத நோயாளிகளின் தாகத்தைத் தீர்த்தது.

அளந்து கட்டிய அடுப்படி

நோயாளியின் கஷ்டம் எல்லோர் கண்ணிலும் படும். வீட்டுப் பெண்ணின் கஷ்டம் அப்படி இல்லை. அது தினமும் நடப்பது. ஆகவே யாரும் அதைக் கஷ்டம் என்றே எண்ணுவதில்லை.

அதை எண்ணிப் பார்த்தவர் மார்கரெட் ஷூட்டே லிகோட்ஸ்கி. 1897-ல் வியன்னாவில் பிறந்தவர். ஆஸ்திரியாவில் கட்டிடக் கலை பயின்ற முதல் பெண்களில் ஒருவர். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் வீடுகளுக்குப் பெரிய பஞ்சம். பிராங்க்பர்ட் நகரசபை தொழிலாளர்களுக்காக ஆயிரக்கணக்கில் வீடு கட்டியது. அந்த வீடுகளுக்கு அடுப்படி அமைக்கும் வேலை 1926-ல் இவரிடம் வந்தது.

இவர் என்ன செய்தார்? சமைக்கும் பெண் எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள், எத்தனை முறை எட்டி எடுக்கிறாள் என்று பார்த்தார். ஓடும் ரெயிலில் சாப்பாட்டு வண்டியின் சமையலறை மிகச் சிறியது. ஆனாலும் அங்கே பலருக்குச் சமையல் நடக்கிறது. அதையும் கவனித்தார். பிறகு, ஏறக்குறைய 6 அடி அகலமும் 11 அடி நீளமும் உள்ள ஓர் அடுப்படியை அமைத்தார்.

அதில் எல்லாம் கைக்கு எட்டும். மாவு, அரிசி, சர்க்கரைக்குத் தனித்தனி இழுப்பறைகள். அவற்றுக்கு மூக்கு உண்டு. அப்படியே சாய்த்துக் கொட்டலாம். மாவை வைக்கும் பெட்டி ஓக் மரத்தில் செய்தது. அதில் புழு வராது என்றார்கள். காய் நறுக்கும் மேடையில் ஒரு பள்ளம். குப்பையை அதில் தள்ளினால் கீழே உள்ள தட்டில் விழும். துணி தேய்க்கும் பலகையை மடக்கிச் சுவரோடு சாத்தலாம். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே தள்ளுகதவு. அதைத் திறந்து வைத்தால் சமைத்தபடியே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பொருள் ஒன்று அங்கே இருந்தது. சுழலும் முக்காலி! மேடை முன்னால் உட்கார்ந்துகொண்டே காய் நறுக்கலாம். சமைக்கிறவளும் உட்காரலாம் என்பதை ஏற்றுக்கொண்ட அடுப்படி அது.

சுமார் 10 ஆயிரம் வீடுகளில் அந்த அடுப்படி அமைந்தது. இன்று நகரத்து வீடுகளில் காணும் மேடை, அலமாரி, இழுப்பறை எல்லாவற்றுக்கும் அதுவே பாட்டி என்று சொல்லலாம். மார்கரெட் இட்லரின் நாஜி ஆட்சியை எதிர்த்துப் போராடினார். 1941-ல் கைதாகி, போர் முடியும் வரை சிறையில் இருந்தார். 102 வயது வாழ்ந்து 2000-ம் ஆண்டில் காலமானார். பாரீஸ் ஓவியர்கள் கனவு கண்ட அதே 2000-ம் ஆண்டு!

குறை இல்லாமல் இல்லை. அந்த அடுப்படியில் ஒருவர்தான் நிற்க முடியும். கணவனோ பிள்ளைகளோ உதவிக்கு வர நினைத்தாலும் இடம் இல்லை. வேலை எளிதாயிற்று. ஆனால், அதைப் பங்கு போட வழி இல்லை. இதைப் பிற்காலப் பெண்கள் எடுத்துச் சொன்னார்கள். சொன்னது நியாயம். சவுகரியம் செய்து கொடுத்துவிட்டோம் என்பதற்காக, இனி எல்லா வேலையும் உனக்குத்தான் என்று சொல்லிவிட முடியுமா?

தானே குளிக்கும் வீடு

ஒரு பெண் இதற்கும் ஒரு படி மேலே போனார். அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பிரான்செஸ் கேப். 1915-ல் பிறந்தவர். வீட்டு வேலை செய்து அலுத்துப்போனவர். வீடு தன்னைத் தானே கழுவிக்கொண்டால் என்ன என்று எண்ணினார். எண்ணியதோடு நிற்கவில்லை. அப்படி ஒரு வீட்டைக் கட்டி அதில் குடியும் இருந்தார்!

அறையின் கூரையில் தண்ணீர் தெளிக்கும் கருவி. பொத்தானை அழுத்தினால் சோப்புத் தண்ணீர் பொழியும். அடுத்தது நல்ல தண்ணீர். அப்புறம் சூடான காற்று. தரை சற்றே சரிவு. தண்ணீர் மூலையில் உள்ள துளை வழியாக வெளியேறிவிடும். பாத்திரங்கள் அலமாரியில் இருந்தபடியே கழுவப்படும். துணிகள் தொங்கியபடியே துவைந்து உலரும். நாய்க்கூட்டில் நாய்க்கும் குளியல் உண்டு! 1984-ல் இந்த வீட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. அதில் 68 தனித்தனிக் கருவிகள் இருந்தன.

அப்படிப்பட்ட வீடுகள் ஊரெங்கும் எழவில்லை. புத்தகங்களுக்கும் உறை, நாற்காலிக்கும் நீர் புகாத பூச்சு. அப்படி வாழ யாருக்கு மனம் வரும்? பலர் சிரித்தார்கள். 2016-ல், 101 வயதில், அவர் காலமானார்.

சிரித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். பாரீஸ் ஓவியர் தரை துடைக்கும் பெண்ணுக்கு எந்திரத்தைக் கொடுத்து அங்கேயே நிற்க வைத்தார். பிரான்செஸ் கேப் அவளுக்கு விடுதலை கொடுக்கப் பார்த்தார். வீடு நிலைக்கவில்லை. ஆனால், ஆயுள் முழுவதும் ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்று அவர் கேட்ட கேள்வி நிலைத்துவிட்டது.

இங்கே என்ன நிலை?

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சட்டசபையில் ஒரு திருத்தம் நிறைவேறியது. 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம் அது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று அது சொல்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 2018-லேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்ற பெண்கள் அதற்காகப் போராடியிருந்தார்கள்.

பிரிட்டனில் 1899. தமிழ்நாட்டில் 2021. நடுவே 122 ஆண்டுகள்! இதற்குள் மனிதன் சந்திரனில் நடந்துவிட்டு வந்தான். கடைப் பெண் உட்காருவதற்கு மட்டும் இவ்வளவு காலம் ஆயிற்று. ஒரு நாற்காலிக்கு விஞ்ஞானம் தேவையில்லை. பெரும் பணமும் தேவையில்லை. அவள் கால் வலிக்கும் என்று நினைக்கும் மனம் ஒன்றுதான் தேவை. கற்பனைகளிலேயே அரிதான கற்பனை அதுதான் போலும்.

சட்டம் வந்தால் மட்டும் போதாது. நாற்காலி மூலையில் கிடந்து, அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைத்தால், சட்டம் ஏட்டில்தான் இருக்கும். கடை முதலாளிகள் அதை உணர வேண்டும். துணி எடுக்கப் போகும் குடும்பங்களும் உணர வேண்டும். விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் அது அவமதிப்பு இல்லை. அவளுக்கும் முதுகு உண்டு.

கடைக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். வீடு கட்டும்போது கூடத்துக்கு அழகான சோபா பார்க்கிறோம். சுவருக்கு வர்ணம் பார்க்கிறோம். அடுப்பு மேடையின் உயரத்தை, அதன் முன்னால் நிற்கப்போகிறவளிடம் கேட்டு வைக்கிறோமா? மிளகாய்த் தூள் டப்பா அவளுக்கு எட்டுகிறதா? குளியல் அறையில் தாத்தா பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கிறதா? இரவில் பாட்டி எழுந்தால் விளக்கின் சுவிட்ச் கைக்கு எட்டுமா? வேலைக்கு வரும் அம்மாள் சாப்பிடும்போது எங்கே உட்காருகிறாள்?

இவற்றில் எதற்கும் அதிசய எந்திரம் தேவைப்படாது. ஒரு முக்காலி, ஒரு கம்பி, இரண்டு ஆணி போதும். பைமியோவில் ஆல்ட்டோ செய்தது போல, அந்த இடத்தில் அவர்களாகவே ஒரு நிமிஷம் இருந்து பார்த்தால், என்ன குறை என்று தானே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் நாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தால், முதலில் அவருக்கு ஓர் இடம் போடுங்கள். பரிமாறுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.